கீறலா, கோடா

கபிலன் பள்ளித் தேர்வில் உயர்தமிழில் ஏ ஒன், அதாவது உச்ச மதிப்பெண், வாங்கியவன். பதிமூன்று ஆண்டுகளாக அந்த ஏ ஒன்னை யாரும் எந்த வேலைக்கும் கேட்கவில்லை என்பதால் அது புதுசு கெடாமல் இருந்தது. அவன் அம்மா சந்திரமதி அந்தச் சான்றிதழை லேமினேட் செய்து செங்காங் வீட்டில் வைஃபை பெட்டிக்கு மேலே மாட்டியிருந்தார். வீட்டுக்கு வரும் எல்லாரும் பாஸ்வேர்டு பார்க்க அங்கேதான் போவார்கள். போனால் ஏ ஒன்னையும் பார்த்தாக வேண்டும்.

கபிலன் வேலை பார்த்த கம்பெனி இரும்பில் குறை கண்டுபிடிக்கும் மென்பொருள் ஒன்றைச் செய்துகொண்டிருந்தது. விஷயம் ஒன்றும் பிரமாதமில்லை. இரும்பைக் காந்தமாக்கினால் காந்தப்புலம் அதற்குள்ளேயே சமர்த்தாக ஓடும். வழியில் ஒரு பிளவு இருந்தால் அந்த இடத்தில் மட்டும் வெளியே கசியும். கசிவை அளந்தால் பிளவு அகப்படும். கபிலனின் வேலை இதையெல்லாம் இரும்பைத் தொடாமலே செய்வது. கணினியில் ஒரு தகட்டை வரைவான். அதை இரண்டு லட்சம் முக்கோணங்களாக வெட்டுவான். நடுவில் தலைமுடி கனத்தில் ஒரு பிளவை வைத்துக் காந்தமூட்டி, எவ்வளவு கசிகிறது என்று கணக்குப் போட விடுவான். ஒரு மதியத்தில் நாற்பது தகடுகளைக் கெடுத்துவிட்டு, கையில் ஒரு பொட்டு அழுக்கில்லாமல் கோப்பி குடிக்கப் போவான்.

இப்படி அவன் கெடுத்த தகடுகளைப் படித்துப் பழகிய மென்பொருளுக்கு மிஸ்டர் ஃப்ளக்ஸ் என்று பெயர். கம்பெனியில் மிஸ்டர் போட்டு அழைக்கப்பட்டவர்கள் இரண்டே பேர். ஒருவர் மேலாளர் மிஸ்டர் பாலா, முழுப்பெயர் பாலகிருஷ்ணன். இன்னொருவர் மிஸ்டர் ஃப்ளக்ஸ். துவாஸ் கடலோர யார்டில் எட்டு வருடமாக அதே கம்பெனிக்காக நிஜ இரும்பை நிஜக் காந்தத்தால் சோதித்துவந்த ஒலி முகம்மதுவுக்கு 'அந்த பாய்' என்று பெயர்.

மென்பொருளுக்குக் கணினித் தகடு மட்டும் போதாது. நிஜத் தகடும் கொஞ்சம் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் உலகம் முக்கோணங்களால் ஆனது என்று நினைத்துக்கொள்ளும். அதற்குத்தான் ஒலி முகம்மதுவின் நோட்டு. ஒவ்வொரு இரும்பின்மேலும் அவர் சென்சார் வண்டியை ஓட்டி அளவு எடுப்பார். பிறகு வெள்ளைப் பெயின்ட் அடித்து, காந்தத்தை வைத்து, இரும்புத்தூள் கலந்த கறுப்பு மையை ஊற்றிப் பார்ப்பார். பிளவிருந்தால் தூள் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். என்ன கண்டார் என்பதை நோட்டில் ஒரே சொல்லில் எழுதுவார். நானூற்றுப் பன்னிரண்டு பதிவுகள். எல்லாம் தமிழில்.

"எந்த லாங்குவேஜ்ல வேணா எழுதுங்க பாய், எழுதினா போதும்னு சொன்னேன். மனுஷன் நெஜமாவே எழுதிட்டாரு," என்றார் மிஸ்டர் பாலா. "டிரான்ஸ்லேட்டர் வெண்டர் அப்ரூவலுக்கு மூணு வாரம் ஆகும். கபிலன், உனக்குத்தான் தமிழ் நல்லா வரும்ல?"

பதிமூன்று ஆண்டுத் தவத்துக்குப் பலன் கிடைத்தது. கபிலன் இரண்டே மதியங்களில் முடித்தான்.

நோட்டில் திரும்பத் திரும்ப வந்தவை இரண்டு சொற்கள். ஒன்று 'கீறல்'. முள் கீறும், பூனை கீறும், ஆகவே ஸ்க்ராட்ச், வெறும் சிராய்ப்பு. பெயின்ட் அடித்தால் போய்விடும், ஆபத்தில்லை. இன்னொன்று 'கோடு'. இங்கேதான் கபிலனின் கல்வி கைகொடுத்தது. இந்தத் தொழிலின் ஆங்கிலக் கையேடுகளில் பிளவை நேரடியாகப் பிளவு என்று சொல்ல மாட்டார்கள். 'நேர்கோட்டு அறிகுறி' என்றுதான் மரியாதையாகச் சொல்வார்கள். ஆக, கோடு என்றால் பிளவு. படிக்காத மனிதர் கையேட்டுச் சொல்லை எப்படித் தமிழில் கச்சிதமாகப் பிடித்திருக்கிறார் என்று வியந்து, வியப்பை ஓர் அடிக்குறிப்பாகவும் எழுதிவைத்தான்.

பிரச்சினை அடுத்த வாரம் ஆரம்பித்தது. கணினி, பிளவென்றால் ஊசி மாதிரி உயரமான கசிவு வரும் என்றது. சிராய்ப்பென்றால் சோம்பேறித்தனமாக ஒரு மேடு வரும், அவ்வளவுதான். நோட்டில் எல்லாம் தலைகீழ். கீறலுக்கு ஊசி, கோட்டுக்கு மேடு.

மூன்று மாதம் கபிலன் தூங்கவில்லை. முக்கோணங்களைச் சின்னதாக்கினான். காந்தத்தை மாற்றினான். இயற்பியலின் அடிப்படை விதிகளைச் சந்தேகப்பட்டான். இரும்பையே சந்தேகப்பட்டான். உயர்தமிழை மட்டும் சந்தேகப்படவில்லை.

கடைசியில் ஒரு நாள் வழி பிறந்தது. துவாஸ் கடலோரம். கடற்காற்றில் உப்பு. உப்புக் காற்று நாட்பட்ட இரும்பின் மேற்பரப்பில் புகுந்து அதன் காந்த குணத்தையே புரட்டிவிடுகிறது என்று வைத்துக்கொண்டு, சமன்பாட்டில் ஓர் எண்ணைச் சேர்த்தான். கணினியும் நோட்டும் ஒன்றுபோல் பேசின. அந்த எண்ணுக்குத் 'துவாஸ் காரணி' என்று பெயர் வைத்தான். ஒரு மாநாட்டில் அதைச் சுவரொட்டியாக ஒட்டியபோது பரிசு கூடக் கிடைத்தது. பரிசளித்த பேராசிரியர் காத்தோங்கில் கடலைப் பார்த்த வீட்டில் இருப்பவர். தன் வீட்டு இரும்பு கேட்டும் அப்படித்தான் என்றார்.

பக்கத்து மேசை வர்ஷா மட்டும் ஒரு நாள் கேட்டாள். அவள் இயற்பியல் படித்தவள், சேர்ந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. "காத்து அடிச்சா காந்தம் ரிவர்ஸ் ஆகுமா, கபிலன்?"

"டேட்டா அப்படித்தான் சொல்லுது."

"டேட்டா சொல்லுதா, நீங்க சொல்ல வெச்சீங்களா?"

"பேப்பர்ல எல்லாம் இருக்கு. படிச்சுப் பாரு லா."

"படிச்சேன். உப்புன்னு பதினேழு தடவ வருது. உப்பை யாரும் அளந்த மாதிரி ஒரு எடத்துலயும் வரல."

அவளைப் போன்றவர்களுக்கு அனுபவம் போதாது என்று கபிலன் நினைத்துக்கொண்டான்.

*

மிஸ்டர் ஃப்ளக்ஸ் முதன்முதலாக இரும்பைப் பார்த்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை, துவாஸில். பன்னிரண்டு பீம்கள் வரிசையாகக் கிடந்தன. கிரேன் கொக்கியில் மாட்டி, அடியில் சரக்கைத் தொங்கவிடுவதற்கான நீள நீளமான இரும்புகள். தூக்கும்போது கீழே ஆள் நடக்கக் கூடாது என்று ஆறு மொழிகளில் எழுதியிருந்தது. கீழே ஆள் நடந்துகொண்டிருந்தது.

சென்சார் வண்டி ஒவ்வொரு பீமாக ஏறி இறங்கியது. ஐந்து பீம்களுக்குச் சிவப்பு விளக்கு, ஏழுக்குப் பச்சை. ஒலி முகம்மது பின்னாலேயே தன் மையை ஊற்றிக்கொண்டு வந்தார். முப்பத்தாறு வயது, ஒடிசலான மனிதர். ராமநாதபுரம் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர். ஏழாவது பீமில் குந்தியவர் எழுந்திருக்கவில்லை. மஞ்சள் சாக்பீஸால் வட்டம் போட்டார்.

"கபிலன் சார், இதத் தூக்க வேணாம். கீறல் இருக்கு."

"ஆமா பாய். மிஸ்டர் ஃப்ளக்ஸும் அதான் சொல்லுது. கீறல்னு."

ஒலி முகம்மதுவின் முகம் மலர்ந்தது. "பரவாயில்லையே. மிஷின் கண்டுபிடிச்சிருச்சே."

"தொண்ணூத்தாறு பர்சென்ட் ஷ்யூர்."

"அப்பறம் எதுக்குப் பச்ச லைட் எரியுது?"

"கீறல்தானே, பாய்."

"கீறல்னுதானே நானும் சொல்றேன்."

"அப்ப ரெண்டு பேரும் ஒண்ணுதான சொல்றோம்?"

"ஒண்ணுதான் சொல்றோம். ஆனா நான் தூக்காதீங்கங்கறேன். நீங்க தூக்குங்கங்கறீங்க."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வெயிலில் நின்றால் சிலருக்கு இப்படி ஆகும் என்று இருவருக்குமே தோன்றியது.

"சார், குனிஞ்சு ஒரு வாட்டி பாருங்க. மை எப்படிப் புடிச்சு நிக்குதுன்னு பாருங்க."

கபிலன் குனியவில்லை. இதுவரை நாற்பதாயிரம் பிளவுகளைத் தன் கையால் உண்டாக்கியவன் அவன். நிஜத்தில் ஒன்றையும் பார்த்ததில்லை. அவன் டேப்லெட்டில் வரைபடத்தைப் பார்த்தான். ஊசி மாதிரி உயரமான கசிவு. ஊசி என்றால் துவாஸ் காரணிப்படி சிராய்ப்பு. எல்லாம் சரியாக இருந்தது.

யார்டின் பாதுகாப்பு அதிகாரி வந்தார். மிஷின் ஓகே, மனிதர் நாட் ஓகே என்று தெரிந்ததும் ஏழாவது பீமைத் தனியே வைக்கச் சொன்னார். செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் ஒரு முடிவு வேண்டும் என்றார்.

திரும்பி வரும் வேனில் மிஸ்டர் பாலா முன் இருக்கையிலிருந்து தலையைத் திருப்பாமல் பேசினார். "ஒரே பீமுக்கு ரெண்டு ஆன்சர் குடுக்குற கம்பெனிய எவனும் வெச்சுக்க மாட்டான். செவ்வா கெழம ஒரு ஆன்சர்தான் போகணும். புரியுதா?"

"புரியுது, மிஸ்டர் பாலா."

"பாயோட வொர்க் பர்மிட் அடுத்த மாசம் முடியுது. மிஷின் கரெக்ட்னா ரினியூ பண்ணறதுக்கு ரீசன் இல்ல. பாய் கரெக்ட்னா மிஷினுக்கே ரீசன் இல்ல. அப்ப நீ மட்டும் என்ன பண்ணப் போற?"

கபிலனின் ஒப்பந்தமும் மார்ச்சில் முடிகிறது. அதை மிஸ்டர் பாலா சொல்லவில்லை. நல்ல மனிதர், சிலவற்றைச் சொல்லாமலே புரியவைத்துவிடுவார்.

*

ஞாயிற்றுக்கிழமை காலை சந்திரமதி மகனை மல்லிகைச் சரமும் முருங்கைக்காயும் வாங்கத் தேக்கா சந்தைக்கு அனுப்பினார். செங்காங்கில் எல்லாம் கிடைக்கும். ஆனால் அங்கே கிடைக்கும் முருங்கைக்காய் அவருக்கு முருங்கைக்காய் இல்லை.

பஃப்ளோ சாலையில் பூ வாங்கிக்கொண்டு நடந்தபோது, சந்து முனையில் ஒரு கைப்பேசிக் கடை வாசலில் ஒலி முகம்மது நின்றுகொண்டிருந்தார். இஸ்திரி போட்ட கட்டம் போட்ட சட்டை. பாதுகாப்புத் தொப்பி இல்லாமல் அவரை அன்றுதான் கபிலன் பார்க்கிறான். தலையில் முடி இருந்தது அவனுக்கே வியப்பாக இருந்தது.

"வாங்க சார். இங்கெல்லாம் வருவீங்களா?"

"அம்மா அனுப்பினாங்க. போனுக்கு என்ன பாய்?"

"கீழ போட்டுட்டேன்."

கடைக்காரர் சேக் தாவூது கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு உள்ளேயிருந்து கேட்டார். "கீறலா, கோடா? பாத்துச் சொல்லு. கோடுன்னா தேச்சு விட்டுர்றேன், அஞ்சு நிமிஷம். கீறல்னா கிளாஸ் மாத்தணும்."

"கீறல்தான் மாமா. அந்தப் பக்கத்துலேர்ந்து இந்தப் பக்கம் வரைக்கும் ஓடிருச்சு."

ஒலி முகம்மது போனைத் திருப்பிக் காட்டினார். கண்ணாடி மூலையிலிருந்து மூலைக்குப் பிளந்திருந்தது. விரல் வைத்தால் அறுக்கும்.

கபிலன் கையில் மல்லிகைச் சரம் இருந்தது. அது கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

"பாய், இத… இத விரிசல்னுல்ல சொல்லணும்?"

ஒலி முகம்மது சிரித்தார். "விரிசல் நியூஸ் வாசிக்கறவங்க சொல்றது சார். கூட்டணியில விரிசல்ம்பாங்க, கட்சியில விரிசல்ம்பாங்க. இரும்புலயும் கண்ணாடியிலயும் கீறல்தான். எங்க பக்கம் வீட்டுச் செவுரு பொளந்தாலும் கீறல் விட்டுருச்சும்போம்."

"அப்ப கோடு?"

"கோடுன்னா கோடுதான். சும்மா மேல இழுத்தது. ஒண்ணும் பண்ணாது." அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு கபிலனைப் பார்த்தார். எட்டு வருடமாக இரும்பின் மேல்தோலைப் பார்த்தே உள்ளே இருப்பதைச் சொல்லிப் பழகியவர். "ஏன் சார், நோட்டுல நான் எழுதினத நீங்க எப்படிப் போட்டீங்க?"

"சரியாத்தான் போட்டிருக்கேன் பாய்."

"அதானே. படிச்சவங்க நீங்க."

கபிலன் வீட்டுக்குப் போனான். முருங்கைக்காயை மறந்துவிட்டிருந்தான். அதைப் பற்றி அம்மா பேசிக்கொண்டிருக்கும்போதே மடிக்கணினியைத் திறந்தான். கோப்பில் கீறல் என்ற இடத்தில் பிளவு என்றும், கோடு என்ற இடத்தில் சிராய்ப்பு என்றும் மாற்றினான். துவாஸ் காரணியை அழித்தான். எல்லாம் சேர்த்து ஒரு நிமிடம் ஆகவில்லை.

கணினி கணக்குப் போட்டது. பிறகு வரைபடம் வந்தது. கணினி சொன்ன வளைவும், ஒலி முகம்மதுவின் வண்டி அளந்த வளைவும் ஒன்றின்மேல் ஒன்று அப்படியே படுத்துக்கொண்டன. எந்தத் திருத்தமும் இல்லாமல், நானூற்றுப் பன்னிரண்டும். அவன் வாழ்நாளில் அவ்வளவு அழகான வரைபடத்தைப் பார்த்ததில்லை. இயற்பியல் ஆரம்பத்திலிருந்தே சரியாக இருந்திருக்கிறது. இரும்பு சரியாக இருந்திருக்கிறது. நோட்டு சரியாக இருந்திருக்கிறது. துவாஸின் உப்புக் காற்று ஒரு பாவமும் அறியாதது.

ஏழாவது பீமின் அளவை மறுபடி கொடுத்தான். பிளவு, ஆழம் பதினொரு மில்லிமீட்டர், தொண்ணூற்றொன்பது சதவீதம், சிவப்பு விளக்கு.

வைஃபை பெட்டிக்கு மேலே ஏ ஒன் பளபளத்தது. அம்மா அன்றுதான் துடைத்திருந்தார்.

*

திங்கட்கிழமை காலை முதல் வேலையாக மிஸ்டர் பாலாவிடம் சொன்னான். சொல்லாமல் விடலாமா என்று அவன் ரயிலில் யோசித்தது உண்மைதான். ஆனால் பீமுக்குக் கீழே ஆட்கள் நடந்ததை அவன் பார்த்திருந்தான். அந்த அளவுக்கு அவன் நல்லவன். வர்ஷாவும் அறையில் இருந்தாள்.

மிஸ்டர் பாலா முழுவதும் கேட்டார். கோபப்படவில்லை. கணினியில் ஒரு தமிழ் அகராதியைத் திறந்தார். "ஸ்பெல்லிங் சொல்லு. கீ, அப்பறம் எந்த 'ற'?"

"வல்லின ற, மிஸ்டர் பாலா."

"கீறல். இந்தா இருக்கு. ஃபர்ஸ்ட் மீனிங் என்ன போட்டிருக்கு? படி."

"கூரிய பொருளால் ஏற்படும் கோடு… சிராய்ப்பு."

"கோடே அங்கதான் வருதா?" என்றாள் வர்ஷா.

"ஸ்க்ராட்ச். சோ நீ கரெக்டாத்தான் டிரான்ஸ்லேட் பண்ணியிருக்க," என்றார் மிஸ்டர் பாலா.

"ரெண்டாவது மீனிங் வெடிப்புன்னும் போட்டிருக்கு."

"செகண்ட் மீனிங் செகண்ட்தான் லா. ஃபர்ஸ்ட்ட விட்டுட்டு எவனாவது செகண்ட எடுப்பானா?" அவர் நாற்காலியில் சாய்ந்தார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி பரவியது. மூன்று மாத உழைப்பும் ஒரு பரிசும் ஒரு மென்பொருளும் அகராதியின் முதல் வரியில் பத்திரமாக இருந்தன. "ரூட் காஸ் தெரிஞ்சு போச்சு. பாய் ஸ்டாண்டர்ட் தமிழ் யூஸ் பண்ணல."

"அவர் பிளவைச் சரியா கண்டுபிடிச்சாரு," என்றான் கபிலன்.

"கண்டுபிடிச்சாரு. யாரு இல்லன்னது? எழுதத் தெரியல. இப்ப நாம அதக் கரெக்ட் பண்ணிட்டோம். மிஸ்டர் ஃப்ளக்ஸ் இப்ப எப்படி ஓடுது?"

"பர்ஃபெக்டா ஓடுது."

"நானூத்திப் பன்னெண்டும்?"

"நானூத்திப் பன்னெண்டும்."

"அப்ப பாய்க்குத் தெரிஞ்சதெல்லாம் அதுக்குத் தெரியும்." மிஸ்டர் பாலா அதை மெதுவாகத்தான் சொன்னார், ஏதோ நல்ல செய்திபோல.

ஒலி முகம்மதுவின் தமிழ் புரியாமல் இருந்தவரை அவருக்கு வேலை இருந்தது. புரிந்துவிட்டது.

மிஸ்டர் பாலா தன் முன்னால் உட்கார்ந்திருப்பவர்களைக் காப்பாற்றத் தவறியதே இல்லை. ஒலி முகம்மது முன்னால் உட்கார்ந்திருக்கவில்லை. அவர் அந்த நேரம் துவாஸில் ஒரு தொட்டியின் அடித்தகட்டில் மை ஊற்றிக்கொண்டிருந்தார். ஒரு பக்க அறிக்கை பத்து நிமிடத்தில் தயாரானது. 'களப் பணியாளரின் தரப்படுத்தப்படாத வட்டாரச் சொற்பயன்பாட்டால் வகைப்பாட்டில் குழப்பம் ஏற்பட்டது. கம்பெனி அதைத் தானாகவே கண்டறிந்து சரிசெய்தது.' கீழே, 'மொழி சரிபார்ப்பு' என்று ஓர் இடம் காலியாக இருந்தது.

"இங்க நீ சைன் பண்ணு. உன்னோட ஏ ஒன்னயும் பிராக்கெட்ல போட்டுக்கோ. வெயிட்டா இருக்கும்."

கபிலன் பேனாவை எடுத்தான். வர்ஷாவைப் பார்த்தான். யாராவது தடுத்தால் நன்றாக இருக்கும் என்று நினைக்கும்போது மனிதன் பார்க்கும் பார்வை அது.

"என்னை எதுக்குப் பாக்குறீங்க?" என்றாள் வர்ஷா. "எனக்குத் தமிழ் பி த்ரீதான்."

"நான் சைன் பண்ணலன்னா?"

"நாளைக்கு மீட்டிங்ல டிரான்ஸ்லேஷன் எர்ரர்னு சொல்லணும்," என்றார் மிஸ்டர் பாலா. "யாரு டிரான்ஸ்லேட் பண்ணாங்கன்னு கேப்பாங்க. நான் பொய் சொல்ல மாட்டேன்."

பேனா நன்றாக எழுதியது.

"துவாஸ்ல உப்புக் காத்து நின்னுருச்சா?" என்று வர்ஷா வெளியே வரும்போது கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமைக் கூட்டம் இருபது நிமிடத்தில் முடிந்தது. ஒரே விடைதான் போனது. மிஷின் சொன்னதாகப் போனது. ஏழாவது பீமை வெட்டிப் பார்த்தார்கள். பிளவு பதினொரு மில்லிமீட்டர். யார்டுக்காரர்கள் மிஸ்டர் ஃப்ளக்ஸைப் பார்த்துக் கைதட்டினார்கள். அது ஒரு டேப்லெட்டுக்குள் இருந்ததால் கைதட்டலை மிஸ்டர் பாலா வாங்கிக்கொண்டார். யாருக்கும் அடிபடவில்லை, யாரும் சாகவில்லை. எனவே எதுவும் நடக்கவில்லை என்று கோப்பு மூடப்பட்டது. இனி இப்படி நேராமலிருக்கக் களப் பணியாளர்களின் தமிழ்ச் சொற்களைத் தரப்படுத்தும் ஒரு புதுத் திட்டம் தொடங்கப்பட்டது. அதற்குப் பொறுப்பாளர் கபிலன். ஒப்பந்தம் இரண்டு ஆண்டுக்கு நீண்டது. அம்மா பாயசம் வைத்தார்.

*

கடிதம் மூன்று வாரம் கழித்து வந்தது. கபிலன் சொற்பட்டியல் வேலையாகத் துவாஸுக்குப் போயிருந்தான். மதியச் சாப்பாட்டு நேரம். கேன்டீன் பெஞ்சில் ஒலி முகம்மது பொட்டலத்தைப் பிரிக்காமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சார், ஒரு உதவி. இத வாசிச்சு அர்த்தம் சொல்லுங்க. நீங்கதான் சரியாச் சொல்லுவீங்க."

ஒரு பக்கம், ஆங்கிலம். கபிலனுக்கு வாசிக்கத் தேவையே இல்லை. பாதி வாக்கியங்கள் அந்த அறிக்கையிலிருந்தே எடுத்தவை. பதிவுகளில் தரமற்ற சொற்கள். அதனால் பிழைகள். ஆகவே பர்மிட் புதுப்பிக்கப்படாது. மாதக் கடைசியில் விமானம்.

"புரொஜெக்ட் முடிஞ்சுருச்சாம் பாய். அதனால ஆள் கொறைக்கறாங்களாம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"பத்து வரி இருக்கே சார்."

"இங்கிலீஷ்ல நீட்டித்தான் எழுதுவாங்க."

ஒலி முகம்மது தலையை ஆட்டினார். காகிதத்தைத் தன் பக்கம் திருப்பி, விரலால் ஒரு சொல்லைத் தொட்டார். பிறகு இன்னொன்றை. எட்டு வருடப் பாதுகாப்புப் பலகைகளில் படித்த ஆங்கிலம். எர்ரர் என்ற சொல் அதில் நிறைய வரும். விரல் மையால் கறுத்திருந்தது. நின்ற இடத்தில் எல்லாம் லேசாக ஒரு தடம் விட்டது. கடைசியில் பக்கத்தின் அடிக்குப் போய் நின்றது.

"இது உங்க பேருதானே?"

"ஆமா."

"என் காயிதத்துல உங்க பேரு எதுக்கு?"

"அது… தமிழ் சரிபாத்ததுக்கு."

"யாரு தமிழ?"

கேன்டீன் தொலைக்காட்சியில் யாரோ ஒருவர் கூட்டணியில் விரிசல் என்று வாசித்துக்கொண்டிருந்தார். ஒலி முகம்மது அண்ணாந்து பார்த்தார். சிரிப்பு வரவில்லை. கடிதத்தை நாலாக மடித்துத் தொப்பியின் உள்பட்டையில் செருகிக்கொண்டார். பொட்டலத்தைப் பிரித்தார்.

"கோவமா பாய்?"

"சேச்சே." அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "சும்மா கோடுதான் சார்."

கபிலனுக்குப் பெரிய பாரம் இறங்கியது. நல்ல மனிதர், பெரிய மனசு என்று பேருந்தில் நினைத்துக்கொண்டான். அதே நினைப்போடு ரயில் ஏறினான். இரண்டு முறை மாறி, செங்காங்கில் குட்டி ரயிலுக்கு நிற்கும்போது, செய்வதற்கு ஒன்றுமில்லாததால் கைப்பேசியில் தன் சொற்பட்டியலைத் திறந்தான். இரண்டு சொற்கள்தான் இதுவரை ஏறியிருந்தன. முதல் சொல்லைத் தாண்டி வந்தான்.

இரண்டாவது, கோடு. 'களத் தமிழ்: மேலோட்டமான சிராய்ப்பு. ஒன்றும் செய்யாது.' அதற்குப் பக்கத்துக் கட்டம்: 'தரத் தமிழ்: நேர்கோட்டு அறிகுறி. பிளவு. உடனடியாக விலக்கி வைக்கவும்.' இரண்டும் அவன் எழுதியவைதான். இரண்டாவதற்குக் கீழே அவனுடைய கையெழுத்து இருந்தது.

பாய் தன் 'சும்மா கோடுதான்' என்பதை எந்தக் கட்டத்திலிருந்து சொன்னார் என்று கபிலன் யோசித்தான். சாப்பிட்டுக்கொண்டே சொன்னார், முகத்தைப் பார்க்க முடியவில்லை. கேட்டிருக்கலாம். அந்த பாய் சொல்லியிருப்பார்.

ரயில் வந்தது. மூன்றாவது கட்டத்துக்குத் தலைப்பு 'குறிப்பு'. அதைக் காலியாகவே விட்டு, சேமித்தான்.